சண்டிக்கட்டோடு வந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள்

முதலில் காதில் விழுந்தது ஓர் இழுவைச் சத்தம்... நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவார்களே, அதேபோல.

தொண்ணூறுகளில், ஜேர்மனியின் டோர்ட்மண்டில், ஒரு மழை நாள். யன்னலால் எட்டிப் பார்த்த அறைத்தோழன் யோகன் கத்தினான்.

"அண்ணை, வெள்ளையள் சண்டிக்கட்டோடை வாறாங்கள்! இண்டைக்கு அடிபாடுதான்!"

எங்கள் ஊரில் சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டினால் சண்டைக்கு ஆயத்தம் என்று பொருள். வேறு என்ன நினைப்பது?

எனக்கும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. கட்டடத்தைப் பார்க்கும் ஹவுஸ்மைஸ்டர், "படுக்கை உடுப்போடு முற்றத்துக்கு வராதே" என்று என் சாரத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து குப்பை போடவும் காற்சட்டை. அது படுக்கை உடுப்பில்லை என்று எவ்வளவு சொல்லியும் மனிதர் கேட்கவில்லை.

என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கீழே போனேன். வந்தவர்கள் ஸ்கொட்லாந்தின் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர்கள். இடுப்பில் முழங்கால் வரைக்கும் கட்டம் போட்ட அவர்கள் ஊர் 'கில்ட்', இழுத்தது ஒருவர் கக்கத்தில் வைத்து ஊதிய பைக்குழல். மழைக்கு எங்கள் முற்றத்தில் ஒதுங்கியிருந்தார்கள். செந்தாடிக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் பேசியது ஆங்கிலம்தான் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

மீன்பிடிக்கிற ஊராம். மைதானத்துக்குப் பின்னால் கடலாம். அடித்த பந்தைக் காற்றுத் திருப்பிக் கொண்டுவருமாம்... எங்கே அடிக்க வேண்டுமென்று உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியுமாம். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

அப்போதுதான் கண்டேன். அதே ஹவுஸ்மைஸ்டர், அவர்களுக்கு பியர் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்!

மேலே ஓடினேன். சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் நின்றேன்.

"அது வேறு, இது வேறு" என்றார் ஹவுஸ்மைஸ்டர்.

"என்ன வேறு? சொல்லுங்கள்" என்றேன். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் வாசித்தே டொச் மொழி படித்தவன் நான். விடுவேனா?

செந்தாடிக்காரர் குனிந்து என் சாரத்துக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்தார். அவர்களிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டமாம்.

"இது எந்தக் குடும்பத்தின் கட்டம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"எங்கள் குடும்பத்தின் கட்டம்" என்றேன்.

ஹவுஸ்மைஸ்டர் மறுபடி கமெராவைத் தூக்கினார். எடுத்த படத்தில் நானும் இருந்தேன்.

அந்தக் கழகம் இப்போது கீழ்ப்பிரிவில் ஆடுகிறது. சனிக்கிழமைகளில் கைபேசியில் முடிவு பார்ப்பேன்... பெரும்பாலும் தோல்விதான்.

இங்கே பிறந்த மகள் சொல்கிறாள், "அப்பா, சாரத்தோடை கீழை போகாதேங்கோ. ஆக்கள் பாப்பினம்."

இப்போது என் பக்கம் நிற்கச் செந்தாடிக்காரர் இல்லை. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்.

"பாக்கட்டும் பிள்ளை. இது உன்ரை குடும்பத்துக் கட்டமும்தான்."