மாட்டுவண்டியில் கியர் போட்ட சூசை அண்ணன்

1979 ஏப்ரல், பள்ளி விடுமுறை. மலேசியாவின் கேமரன் மலையில் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மாதக் கடைசியோடு மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு லோரி விடப்போகிறார்கள் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். அவ்வளவுதான், கடைசியாக ஒரு சவாரி போய்விட வேண்டும் என்று ஈப்போவிலிருந்து பையைத் தூக்கிவிட்டேன்.

தாப்பாவில் காலை எட்டு மணி பஸ். ரிங்லெட்டுக்கு இருபத்தொன்பது மைல், இரண்டு மணி நேரம், டிக்கெட் இரண்டு வெள்ளி. அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு மைல் மண்சாலை. சாமான் ஏற்ற வந்திருந்த வண்டிக்காரர் சூசை அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். அரிசி மூட்டை மேல் எனக்கு முதல் வகுப்பு இருக்கை!

கிளம்பியதும்தான் கவனித்தேன். அவர் காலடியில் மூன்று மரத்துண்டுகள் ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தன. இடது கைப்பக்கம் ஒரு கம்பு நட்டிருந்தது. மேடு வந்ததும் ஒரு துண்டை மிதித்து, கம்பை இழுத்து, "ரெண்டாவது கியர்" என்றார். மாடுகள் நின்றுவிட்டன.

"என்னண்ணே, நின்னுருச்சு?"

"எஞ்சின் ஆஃப் ஆயிருச்சு டீச்சர். கிளச்ச வெடுக்குன்னு விட்டுட்டேன்லா."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் சும்மா இருந்திருக்கலாம். "வண்டிய நிறுத்துறாங்களே, வருத்தமா இல்லியா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மழையில மாட்டோட நனையிறது நீங்களா?" என்றார் பட்டென்று. "வியாழக்கிழம தாப்பாவுல லோரி டெஸ்ட். பாஸானா லோரி ஒனக்குத்தான்னு தொர சொல்லிட்டாரு. இல்லன்னா டவுன்லேருந்து ஆள் வருவான். தோட்டம் குடுத்த எங்க வீட்டத்தான் அவனுக்குக் குடுப்பாங்க, நாங்க காலி பண்ணணும்."

மாதம் இரண்டு ஞாயிறு தாப்பாவில் நிஜ லோரியில் பயிற்சியாம், மற்ற நாளெல்லாம் இந்த மரத்துண்டுகள்! நாலு மைலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு வளைவுக்குக்கூட அவர் கியர் போடாமல் விடவில்லை. என்ன மனுஷன்!

தகவல் சொன்ன டீச்சரின் தோட்டத்து வீட்டில் தங்கிவிட்டு, வியாழனன்று ஊர் திரும்ப வேண்டிய நான் டெஸ்ட் நடக்கும் இடத்தில் போய் நின்றேன். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். முன்னால் போன இரண்டு பேருக்கும் லோரி உருண்டது. சூசை அண்ணன் எடுத்தபோது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பதினைந்து வருஷம் பாரத்தோடு மேட்டில் நிறுத்தி எடுத்தவர் அல்லவா! நான் கைதட்டியே விட்டேன்.

பாஸ்! ஈப்போவாவது ஒன்றாவது, அவரோடு மறுபடி மலையேறினேன். (இப்போது போகிறவர்களுக்கு: அந்த வளைவுகள் குறையவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், முன்சீட்டைப் பிடியுங்கள், குடை வேண்டும்.) வண்டிக்காக உச்சுக்கொட்ட வந்தவள் நான் ஒருத்திதான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு சூசை அண்ணன் வீடு சேர்ந்தோம். உள்ளே பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி, பாய் சுருட்டி, சுவரே காலியாக இருந்தது. அவர் மனைவி மேரி வாசலிலேயே, "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு."

மேரி அக்கா உட்கார்ந்து முதல் சாக்கின் முடிச்சை அவிழ்த்து, உலைப்பானையை வெளியே எடுத்தார்.