இராவணன் மீசை

மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தின் வாளி கவ்வித் தூக்கியபோது அந்தப் புல் இலகுவில் வரவில்லை. மணலுக்கடியில் நெடுந்தூரம் ஓடியிருந்த கொடிகள் ஒவ்வொன்றாய் அறுந்தன. பக்கத்தில் நின்ற மச்சாள் முகத்தைத் திருப்பாமல் கடைசி வரை பார்த்தார். என் மாமி மகள், என்னைவிட மூத்தவர். நான்தான் பார்க்க ஏலாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இராவணன் மீசை என்று எங்கள் தீவில் சொல்லும் புல் அது. நுனியெல்லாம் முள், ஆடுகூட வாய் வைக்காது. அதன் காய்ந்த பூப்பந்துகள் சோளகக் காற்றில் கரையோரம் உருண்டு ஓடும். மற்றக் கரைகளில் மணல் அள்ளிய லொறிகளோடு அதுவும் போய்விட்டது. எங்கள் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல் மேட்டில் மட்டும் ஒரு திட்டு மிச்சம் இருந்தது. மேட்டுக்குப் பின்னால் மச்சாளின் வீடு. வளவில் ஒரு துரவு, ஆழமில்லாத மணற்கிணறு. சுற்றியிருந்த பத்துக் குடும்பங்களுக்கும் நல்ல தண்ணீர் அங்கேதான்.

தீர்த்தத் திருவிழாவில் சுவாமி அந்த மேட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போவார். தூக்குகிறவர்களின் காலில் முள் ஏறாதிருக்க, முதல் நாளே மச்சாள் வீட்டார் பச்சைப் பனையோலை வெட்டிப் புல்லின் மேல் விரித்துவிடுவார்கள். முடிந்ததும் அவர்களே அள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் கேட்டுச் செய்த வேலையல்ல. கணவர் காலமான பிறகும் மச்சாள் அதை விடவில்லை.

மேடு வெட்டப்பட்ட அந்த வருடம் நான் கோயில் செயலாளர். தெற்கில் அப்பாவின் கடையை நடத்தி முடித்து ஊர் திரும்பியவனுக்குப் பதவி கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. கனடாவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருகிறான். அவன் பிள்ளைகளின் காலில் முள் குத்தக்கூடாது, வீடியோவில் பாதை பளிச்சென்று தெரிய வேண்டும். நிர்வாகசபைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பெக்கோக்காரனைத் தொலைபேசியில் பிடித்து, மேட்டை வெட்டச் சொல்லி நாளும் குறித்துவிட்டேன். பேசி முடித்துத் திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள். எல்லாம் கேட்டிருந்தார்.

கூட்டத்துக்கு வந்தார். பெண்கள் வந்து பேசுகிற கூட்டமல்ல அது. "புல்லிலை கை வையாதையும் மச்சான். மேடு போனால் மாரிக்குக் கடல் உள்ளுக்கு வரும். ஓலையை நான் இன்னும் அகலமாய் விரிச்சுத் தாறன்" என்றார்.

"முள்ளுப் புல்லுக்கு வழக்குப் பேச மச்சாள் வந்திட்டா" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திருவிழா வெகு சிறப்பு. அந்த மாரியில் புயல் அடித்தது. வெட்டிய இடத்தால் கடல் ஏறி மச்சாளின் வளவில் நின்றது. அவர் துரவை இறைத்தார், ஊறவிட்டார், மறுபடி இறைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். தென்னம்பிள்ளைகள் கருகின. கடைசியில் நாரந்தனையில் மகள் வீட்டோடு போய்விட்டார். தண்ணீர் பவுசர் வருகிற நாட்களில் மற்றக் குடும்பங்கள் இப்போது வெறும் கானோடு வீதியில் நிற்கின்றன. மிஞ்சிய திட்டிலிருந்து கொடி வெட்டி நானே நட்டு வருகிறேன். சில பிடிக்கின்றன, பல காய்ந்து போகின்றன.

போன மாதம் நாரந்தனைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடும் எண்ணம். மச்சாளின் மருமகன் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு நேரே கேட்டார்: "ஆர் மாமா அந்த மேட்டை வெட்டச் சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள் குசினிக்குள்ளிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"அது சபை முடிவு தம்பி. மச்சான் தனிய என்ன செய்யிறது?"

மருமகன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.