நல்லெண்ணெய் வாசம்

செய்யும் வேலையை வைத்து யாரையும் எடைபோடக் கூடாதென்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புச் செல்வி எழுந்தாள்.

"எங்கப்பா குத்தாலத்துல வாரவங்களுக்கு எண்ணெ தேய்ச்சு விடுதாவ, டீச்சர்."

அவள் சீருடையில் நல்லெண்ணெய் வாசம்.

என் அப்பாவிடமும் அதே வாசம்தான். நான் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு சாரல் நாளில் குடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"யாருட்டி அது?" என்றாள் தோழி.

"பக்கத்து வீட்டு ஆளு" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "பாப்பா, ஒங்கப்பா இதக் குடுக்கச் சொன்னாவ" என்று குடையை நீட்டிவிட்டு, நனைந்துகொண்டே போனார்.

செல்வி, தன் அப்பா எண்ணெய் தேய்க்கையில் வந்தவர்களின் தலையில் தட்டும் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டினாள். வகுப்பே கைதட்டியது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"போதும், உக்காரு" என்று அதட்டினேன்.