கண் திறந்த ஜெபம்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் விரல்கள் மரத்துப்போனபோது நான் டாக்டரிடம் போகவில்லை. ஷூ கடைக்குப் போனேன். புது ஷூ இறுக்குகிறது என்று சண்டை போட்டு, ஒரு சைஸ் பெரிதாக மாற்றி வந்தேன். அதில் நடந்தது ஒரே நாள். மறுநாள் ஜீவனஹள்ளி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை.

வந்தது கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் நரம்புகளைத் தாக்கும் நோய்). ஒரே வாரத்தில் கை, கால், கழுத்து எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. தொண்டையில் துளை, அதில் குழாய், மறுமுனையில் வென்டிலேட்டர் (மூச்சு கொடுக்கும் இயந்திரம்). வாயாடிக்குக் கண் மட்டும் மிச்சம். காலையா மாலையா என்று ஐசியூ விளக்குக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

இதற்கிடையில், மூக்கு வழியே போன உணவுக் குழாயைக் காதோரம் ஒட்டியதில், இடது காது மடிந்து பிளாஸ்திரிக்குள் மாட்டிக்கொண்டது. அசைவுதான் போயிருந்தது, வலி போகவில்லை. ஒரு முறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை என்று ஏற்பாடு. "முதுகு வலிக்குதா? கால்?" என்று கேட்டார்கள். காதைப் பற்றி யார் கேட்பார்கள்?

தெரபிஸ்ட் சுமா ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். திரைக்கு அடியில் கேமரா. ஓடும் புள்ளியைக் கண்ணால் தொடர்ந்தால், நான் எங்கே பார்க்கிறேன் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு ஓர் எழுத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தால் போதும், தட்டியதுபோல் திரையில் விழுந்துவிடும்.

"சார், ஸ்கிரீன் நோடி," என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லி சுமா திரையைக் காட்டினார். அதே நேரம் என் மனைவி ஸ்டெல்லா வலது காதோரம் குனிந்து முணுமுணுவென்று ஜெபத்தை ஆரம்பித்தாள். நாங்கள் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) கிறிஸ்தவக் குடும்பம். ஜெபம் பண்ணாமல் வீட்டில் மிக்ஸிகூட ஓடாது. ஜெபம் என்றால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. அவளும் மூடியிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை; சுமாவின் கண் திரையில். ஆமென் வருவதற்குள் புள்ளி ஓடி முடிந்துவிட்டது.

மறுநாளும் அதே கதை.

"அக்கா, இவருக்கு இது புரியுதான்னே டவுட்டா இருக்கு," என்றார் சுமா மெதுவாக. "நாளைக்கும் வரலன்னா லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிடுவாங்க. வேற பேஷன்ட் வெயிட்டிங்."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புரிகிறவனாக இருந்தால் கண்ணைத் திறந்திருப்பேனே?

மூன்றாம் நாள் ஸ்டெல்லா ஆண்டவரைக் கூப்பிட்டாள். இமை இறங்கியது. இழுத்துப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து நான் கண் திறந்து கேட்ட முதல் ஜெபம் அது. புள்ளி போன இடமெல்லாம் போனேன்.

எழுத்துகள் வந்தன. 'இடது கா' வரை வந்ததும் "ஏங்க!" என்று கத்தினாள் ஸ்டெல்லா. அவளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் வேண்டாத எழுத்துகள் விழுந்துவிட்டன. அழித்து, மறுபடியும் பார்த்துப் பார்த்து முடித்தேன்: 'இடது காது மடிஞ்சிருக்கு.'

பிளாஸ்திரியைப் பிரித்துக் காதை நிமிர்த்தினாள். அழுதாளா சிரித்தாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், காதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாதங்கள் கழித்து விரல்கள் திரும்பின; பிறகு காலும் குரலும். ஆனால் ஒரு நொடி என்பது எனக்கு இன்னும் ஓர் எழுத்தின் நீளம்தான். வேண்டியதை உற்றுப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறேன். லிஃப்ட் பட்டனைப் பார்த்தபடி நிற்கிறேன், லிஃப்ட் வருவதில்லை. நேற்று காப்பி டம்ளரையும் அப்படித்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

"வரமாட்டேங்குது, ஸ்டெல்லா," என்றேன்.

"கைதான் வந்தாச்சே, எடுத்துக் குடிங்க."