பொட்டு வைத்த ஃபில்டர்

கண்மணி ஓட்டுவது அமரர் ஊர்தி. "பொம்பளை ஓட்டுற வண்டியிலயா எங்கப்பாவை ஏத்துறது?" என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூட, இப்போது "அந்த அக்காவையே அனுப்புங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். குலுங்காமல் ஓட்டுவாள். அழுகிறவர்களை அவசரப்படுத்தமாட்டாள். அதே சமயம், மண்டாய் தகனக்கூடத்தில் குறித்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

அவளுக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவர் அவள் கணவர்தான். அவர் போன அன்று உறவுக்காரிகள் கூடி அவள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே கண்ணாடி முன் நின்று பழைய அளவிலேயே வைத்துக்கொண்டாள். "என் நெத்தி, என் பொட்டு. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள் பாருங்கள், வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். ஆனால் பிறத்தியார் வீட்டில் அப்படிப் பேச முடியுமா? சாவு வீடு சாவு வீடாகப் போகிறவள். எத்தனையோ நெற்றிகள் அழிவதை வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். அதனாலோ என்னவோ, பொட்டு வைப்பது அவளுக்கு ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. புது டயரோ புது பேட்டரியோ, எதுவானாலும் ஓர் இரவு சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் வண்டிக்குப் போகும்.

நேற்று அப்படித்தான் ஒரு புது டீசல் ஃபில்டர் போனது. காக்கி புக்கிட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகையில் அவளே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். இன்று காலை வண்டி லேசாக முரண்டு பிடித்தது. எஞ்சின் நெடுநேரம் சுற்றி, வெள்ளையாகப் புகை கக்கி, பிறகுதான் பிடித்தது. புது ஃபில்டரில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் வினை.

இன்று அவள் போன இடம், குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். அதன் கீழ்த்தளத்தில்தான் வடிவேலுவின் பெட்டியை வைத்துச் சடங்குகள் நடந்தன. வாழ்நாளில் பாதிக்கு மேல் அதே புளோக்கில் இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்ததும் ஒரே மகள் ரோஷினி அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தாள். வேலைக்குப் போகிறவள், தனி ஆள், வேறு என்ன செய்வாள்? "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று அவர் கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்ப்பா" என்றாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. வடிவேலு வீட்டுக்கு வந்தது பெட்டிக்குள்தான்.

இதை ரோஷினி யாரிடமும் மறைக்கவில்லை. உறவுகளும் காலையிலிருந்து இதையேதான் மென்றுகொண்டிருந்தன.

பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். கண்மணி சாவியைத் திருகினாள். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். ம்ஹும்.

"என்னக்கா?" பிரேம் ஜன்னலோரம் வந்தான். ஈமச் சேவை நிறுவனத்தில் அவளோடு பல வருஷம் வேலை பார்ப்பவன்.

"பேட்டரி நல்லாருக்கு. டீசல்தான் ஏறல. ஏர் பிடிச்சிருக்கு."

"நாலு மணிக்கு மண்டாய்ல இருக்கணுமே. நமக்குப் பின்னாடி வேற குடும்பம் இருக்கு லா."

தெரியாதா அவளுக்கு! முன் இருக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபில்டர் தலையிலிருந்த கைப்பம்பை அமுக்கினாள். டீசல் ஏறியிருந்தால் அமுக்க அமுக்கப் பம்ப் இறுகும். இது தொளதொளவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கை ஓய அமுக்கிவிட்டுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. கூட்டம் நகரத் தொடங்கியது. வண்டி, நுழைவில் கட்டியிருந்த வாழைமரத்தைத் தாண்டுவதற்குள் இருமி, குலுங்கி, நின்றுபோனது.

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

"போக மாட்டேங்கறாரு," என்றாள் ஒரு கிழவி.

"எப்படிப் போவாரு? வீடு வீடுன்னு கேட்டவருதானே."

வடிவேலுவின் தம்பி முன்னே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கைப்பேசி, குரலில் ஊரையே கூட்டும் கனம். "ரோஷினி, இங்க வா. அண்ணனுக்கு மனசு ஆறல. வண்டி கிளம்பிக் கிளம்பி நிக்குதே, பார்க்கறல்ல? பெட்டியைத் தொட்டு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு."

"சித்தப்பா, அது வண்டி ரிப்பேர்..."

"காலையில கொட்டகையிலேருந்து ஓடி வந்த வண்டிக்கு இப்ப மட்டும் என்ன ரிப்பேர்?"

வெந்த புண்ணில் வேல். ரோஷினியின் முகம் வெளுத்துவிட்டது. கண்மணி நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. காலையில் ஓடிய வண்டி இப்போது ஏன் ஓடவில்லை? காலையில் ஓடியபோது நன்றாகத்தான் இருந்தது. நெடுநேரம் நின்றால்தான் கெடுகிறது. அப்படியென்றால் நிற்கிற நேரத்தில் எங்கோ காற்று நுழைகிறது, டீசல் தொட்டிக்கே இறங்கிப்போகிறது.

குழாய் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கம். பிறகு, "பிரேம், நீ பம்பை அமுக்கு, நான் பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டு ஃபில்டரின் விளிம்பில் டார்ச் அடித்தாள். அமுக்கும்போதெல்லாம் ஒரே ஓர் இடத்தில் மெல்லிய ஈரம் துளிர்த்தது. அதில் சின்னச் சின்ன நுரை.

அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம்.

கழற்றுகிற பெல்ட்டைச் சுற்றிப் போட்டுத் திருகி ஃபில்டரைக் கழற்றினாள். மேல் விளிம்பின் ரப்பர் வளையத்தின்மேல், காய்ந்து கெட்டியான சந்தனப் பொருக்கு. நடுவில் குங்குமம். அவளே வைத்த பொட்டு. மாட்டுவதற்கு முன் விளிம்பைத் துடைத்து ரப்பரில் டீசல் தடவ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. துடைக்கத்தான் செய்தாள். பொட்டுக்கிட்டே வந்தபோது துணி நின்றுவிட்டது. கடுகளவு பொட்டுதானே, நசுங்கிவிடும் என்று விட்டுவிட்டாள். பொட்டை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

பிரேமும் பார்த்துவிட்டான். கிட்டக் குனிந்தான். "அக்கா, வெளியே சொல்லாதீங்க. பாஸ் காதுக்குப் போச்சுன்னா உங்க கையிலேருந்து வண்டியை வாங்கிடுவாரு. அவங்க சாமி, ஆவின்னு பேசறாங்க, பேசட்டும் லா. நமக்கு நல்லதுதான்."

கண்மணி துணியை எடுத்துப் பொட்டை அழித்தாள். கண்ணை இடுக்கி ரப்பரைத் தடவிப் பார்த்தாள், பள்ளம் விழவில்லை. டீசல் தடவி, ஃபில்டரை நிரப்பி, மாட்டி இறுக்கினாள். பம்பை அமுக்கினாள். கல்போல இறுகியது. விளிம்பு காய்ந்தே இருந்தது.

சாவியில் கையை வைத்தாள். பின்னால் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள்; ரோஷினி பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். சித்தப்பா சொல்லச் சொல்ல, உடைந்த குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா... உங்களை அங்க விட்டது... என் தப்பு..."

இந்த நொடியில் வண்டி கிளம்பினால்? ஊர் என்ன சொல்லும்? மன்னிப்புக் கேட்டாள், வண்டி கிளம்பியது. இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தத் தீபாவளிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், இந்தக் கதை இவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். மற்றவர்களை விடுங்கள். இவளே நம்பிவிடுவாள். சாகும்வரை நம்புவாள்.

"அக்கா, டைம்!" என்றான் பிரேம்.

கண்மணி சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"ஐயா, அந்தப் பொண்ணை விடுங்க."

"நீ வண்டியைப் பாரும்மா."

"வண்டியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். உங்க அண்ணன் போக மாட்டேன்னு சொல்லல. வண்டியை நிறுத்தினது நான்." துணியை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். டீசல் நாற்றத்துக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாகச் சந்தனத் துகள். "நேத்து ஃபில்டர் மாத்தினேன். பொட்டு வச்சு மாட்டினேன். அது இடுக்குல உக்காந்து காத்தை உள்ள விட்டுடுச்சு. புத்தி கெட்டுப்போய் நான் செஞ்சது. கம்ப்ளெய்ண்ட் பண்ணணும்னா என் பேர் கண்மணி. இதோ நிக்கறான் பிரேம், அவன்கிட்ட நம்பர் வாங்கிக்குங்க."

சித்தப்பா துணியை உற்றுப் பார்த்தார். "பொட்டு வச்சா வண்டி நிக்குமா?"

"நின்னுச்சே! நீங்களே பார்த்தீங்கல்ல?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்களைச் சொல்லி என்ன? நானும் உங்க மாதிரிதான். ஒரு பொட்டை அழிக்கப் பயந்துக்கிட்டு நின்னவ. என் பயம் இந்தப் பொண்ணு தலையில விடியணுமா?"

கிழவி துணியை எட்டிப் பார்த்து, "அடப்பாவமே, சந்தனம்தான்," என்றாள்.

வண்டி முதல் திருகலிலேயே பிடித்தது. ரோஷினி முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நெடுஞ்சாலை ஏறியதும் முன்கண்ணாடியையே பார்த்தபடி கேட்டாள்:

"அக்கா, எனக்காகத்தானே சொன்னீங்க? நிஜமாவே ஃபில்டர்தானா?"

ஆயிரம் சத்தியம் செய்யலாம். துக்கத்தில் இருக்கிறவளுக்கு ஆறுதலாகச் சொல்வதெல்லாம் ஆறுதலாகத்தான் கேட்கும். கண்மணி சத்தியம் செய்யவில்லை.

"மண்டாய்ல வண்டியை ஆஃப் பண்ணிடறேன். அப்பாவை அனுப்பிட்டு, எல்லாம் முடிச்சு வா. அதுக்குள்ள எஞ்சின் நல்லா ஆறிடும். அப்ப நீயே ஸ்டார்ட் பண்ணு. காத்து உள்ள போச்சுன்னா முரண்டு பிடிக்கும். போகலைன்னா உடனே கிளம்பிடும். அப்புறம் நீயே முடிவு பண்ணிக்கோ."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மயிரிழையில். எல்லாம் முடிந்து உறவுகள் பஸ்ஸில் ஏறிய பிறகு ரோஷினி வண்டியை நோக்கி வந்தாள். கண்மணி இறங்கி ஓட்டுநர் இருக்கையை விட்டுக்கொடுத்தாள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறியிருந்தது. விளிம்பு மறுபடி கசிந்திருந்தால்?

ரோஷினி சாவியைத் திருகினாள்.

எஞ்சின் உடனே பிடித்துச் சீராக ஓடியது.

ரோஷினி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அப்பா... போயிட்டீங்களாப்பா..."

எஞ்சின் ஓடிய பிறகும், திருகிய சாவியை மட்டும் அவள் விடவில்லை. ஸ்டார்ட்டர் கரகரவென்று கத்தியது.

"கையை எடும்மா," என்றாள் கண்மணி, தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதான் கிளம்பிடுச்சே."