கக்கத்தில் போன போத்தல்

காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதுதான் டிரஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர் வேலை என்று நம்பி வந்தவன் நான். என்னைப் போல் தோட்டத்துக் கிளினிக்கில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துச் சண்டை முழுக்க நம் மேசைக்குத்தான் வந்து சேரும்.

வெந்நீர்

எண்பதுகளின் நடுவில், எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் முனியாண்டிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. மனைவி செல்வி கொழுந்து பறிப்பவள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தை பிறந்ததும் மகனுக்கு வேறு பெண் கட்டிவைக்கப்போவதாக மாமியார் லயம் பூராவும் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்விக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, ஒரு கோளாறும் இல்லை. முனியாண்டி கையில் சின்னப் போத்தலைக் கொடுத்தேன். விந்தை அதில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி லேபில் சேர்க்கணும், குளிர் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மகராசன் போத்தலை வெந்நீர் ஃபிளாஸ்குக்குள் போட்டுக் கொண்டுபோயிருக்கிறான். சூட்டில் கெட்டுப்போச்சு என்று லேப்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் கத்தினேன். அவன் பாவமாகக் கேட்டான்: "நீங்கதானே டிரஸர் குளுரு படக்கூடாதுன்னீங்க?"

ஐம்பதாவது நிமிஷம்

அடுத்த தடவை நானே லோரியில் ஏறினேன். போத்தல் என் கக்கத்தில். வளைவில் ஒரு காய்கறி லோரி மாட்டிக்கொண்டு பாதையை அடைத்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதாவது நிமிஷத்தில் கொடுத்துவிட்டோம். லேப் சீட்டு வந்தது: உயிரணு ஒன்றுகூட இல்லை. முனியாண்டி அதை எட்டாய் மடித்தான். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டிரஸர். செல்விகிட்டயும்."

ஒன்று கூடுதல்

கோலாலம்பூரில் முனியாண்டிக்கு ரத்தம் எடுத்தார்கள். பல வாரம் கழித்துப் பதில். ஆணுக்குக் குரோமோசோமில் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. இவனுக்கு எக்ஸ் ஒன்று கூடுதல். கருவிலேயே அமைந்தது, யார் தப்பும் இல்லை. அன்றைக்கு இருந்த வழி, வேறொருவர் விந்தை ஊசிக்குழாயால் செலுத்துவது. அதுவும் பலிக்குமென்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. முனியாண்டி கேட்டான்: "இல்லைன்னா வெளங்குது. ஒண்ணு கூட இருந்தா எப்படிலா கொறையாவும்?"

பெரட்டுக் களம்

தைக்கு நாலு நாள். செல்வியின் தகரப்பெட்டி லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் மாமியார் கங்காணியிடம் சொன்னாள், "செல்வி பேர அடிச்சிடுங்க, நாளைக்கு அவ வரமாட்டா."

எனக்கு உண்மை தெரியும். ஆனால் சொல்லமாட்டேன் என்று முனியாண்டிக்கு வாக்குக் கொடுத்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கங்காணி பென்சிலை எடுத்தார். முனியாண்டி லோரியிலிருந்து குதித்து ஓடி வந்தான்.

"அடிக்காதீங்க கங்காணி! புள்ள இல்லாதது என்னாலதான். ரெண்டு மாசமா சீட்டு எங்கிட்ட இருக்கு."

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்வி அழவில்லை. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்: "தெரிஞ்சேவா என்னைப் பொட்டி கட்ட வுட்டீங்க?"

அப்புறம் ரெண்டு தடவை கோலாலம்பூர் போய் ஊசி போட்டும் பிள்ளை தங்கவில்லை, தகரப்பெட்டி மட்டும் செல்வியோடு வீட்டுக்குள் திரும்பியது. என் வைத்தியத்தில் பாதி பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.