பஸ்ஸுக்கு வருகிற பி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது வாரத்தில் அவர் என் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, ஆனால் இடது கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது. நான் செய்த குற்றம், அவர் விரும்பிய பாட்டைப் போட்டதுதான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்க்கட்டளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இடது கையால் ஒரு பெயரை எழுதிக் காட்டினார். எல்.கே.ஜி. பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. பக்கத்தில் ஒரு காது வரைந்திருந்தார். அது காது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. முதலில் முந்திரிப் பருப்பு என்று நினைத்தேன். யாரோ பாடகர், அவர் பாட்டு வேண்டும் என்கிறார் என்று புரிந்தபோது அப்படி ஒரு சந்தோஷம்.

பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போன் இருக்கும். அதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. சினிமாப் பாட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பட்டறையில் அவர் விழுந்த அன்று அவருடைய போனும் இரும்புத் தகட்டில் விழுந்து நொறுங்கிவிட்டது. அதில் தேடிப் பார்க்கவும் வழியில்லை.

அந்தப் பாடகரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். தமிழில் எழுதிப் பிரயோஜனமும் இல்லை. வெளிநாட்டுப் பெயர், 'ப'வில் தொடங்கும், அவ்வளவு போதும். அதை ஆங்கிலத்தில் தட்டித் தேடினேன். உடனே வந்தான் ஒருவன். இருபது வயசு இருக்கும், பச்சைத் தலைமுடி, நாலு பெண்கள் நடுவில் குதித்துக்கொண்டிருந்தான். வெல்டிங் பண்ணுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு ரசனையா என்று எனக்குச் சிரிப்பு. போட்டேன். அரை நிமிஷம் பார்த்தார். தாளை இழுத்து அதே பெயரை இன்னும் பெரிதாக எழுதினார். வேறு பாட்டு வேண்டுமாக்கும் என்று அதே பச்சைத் தலையனின் அடுத்த பாட்டைப் போட்டேன். மறுபடியும் அதே பெயர். கொஞ்சம் சத்தமாக வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே பெயர், இந்த முறை தாள் கிழிகிற அளவுக்கு. இப்படியே நாட்கள் போய், கடைசியில் போன் சுவருக்குப் போனது.

தாம்பரத்தில் நாங்கள் காட்டும் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுறாரா?"

"ஆமா சார்."

"அதைக் கொடுத்தா வேணாம்னு தள்றாரா?"

"ஆமா சார்."

உண்மையைத்தான் சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு ஆமாவும் என் கணவருக்கு எதிரான சாட்சியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று உறைக்கவில்லை. டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "இவங்க உங்க மனைவியா?" என்று கேட்டார். இவர், 'இல்லை' என்று தலையாட்டினார். புரியாமல் ஆட்டினாரா, என்மேல் இருந்த கோபத்தில் ஆட்டினாரா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"பேச்சு போனது ஒரு பக்கம்மா. உள்ள எவ்வளவு புரியுதுன்னு பார்க்கணும். புரியலைன்னா இந்த ஆவேசத்துக்கு மாத்திரைதான். அது போட்டா எப்பவும் தூக்கமாவே இருப்பாரு, பேச்சுப் பயிற்சியெல்லாம் கஷ்டம். திங்கட்கிழமை வாங்க, முடிவு பண்ணலாம்."

அடுத்த தெருவில் அவருடைய அண்ணன் இருக்கிறார். வயலெல்லாம் ஃப்ளாட்டாக மாறிவிட்ட பழைய ஊர்க்காரக் குடும்பம். பேச்சு மட்டும் மாறவில்லை. "இன்னாம்மா பண்றது, அவனுக்கு புத்தி கலங்கிகீது. வண்டலூராண்ட ஒரு ஹோம் கீது, நல்லா பாத்துக்குவாங்கோ. நீ வேலைக்கும் போய்கினு இவனையும் வெச்சிகினு எத்தினி நாளைக்கும்மா?" என்றார். தம்பிமேல் அவருக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தக் கோணிய வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை.

எனக்குப் பம்மலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அடையாளக் கார்டுகளுக்கு விண்ணப்பம் ஏற்றுவது, பெயர் தப்பாக வந்திருந்தால் திருத்தத்துக்கு அனுப்புவது. தமிழ்ப் பெயரைப் பார்த்து ஆங்கிலத்தில் அடிப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு. சனிக்கிழமை காலை, மீன் விற்கிற அம்மா ஒருத்தி கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து என் மேஜையில் கார்டைப் போட்டாள்.

"என் பேரை நீ இன்னா பண்ணி வெச்சிகிற பாரு. பேங்க்ல அந்தப் பொண்ணு படிக்குது, எல்லாம் சிரிக்கறாங்கோ."

எடுத்துப் பார்த்தேன். "தமிழ்ல சரியாத்தானேம்மா இருக்கு."

"தமிழ்ல சரிதான். இங்கிலீஷ்ல பாரு. நீ பேனாவுக்கு வர்ற பி போட்டுகிற. எனுக்கு பஸ்ஸுக்கு வர்ற பி. என் பையன் சொன்னான். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே, எழுதிகீறதைப் பாத்தா எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து என்னான்ட கேட்டியா நீ?"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அந்த அம்மா அதற்குமேல் என்ன திட்டினாள் என்று ஞாபகம் இல்லை. என் கணவர் பத்தாவது வரை தமிழில் படித்தவர். காதில் விழுந்த பெயரைத் தமிழ் எழுத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான்தான் அதையும் கார்டுக்கு அடிக்கிற பெயர் என்று நினைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் பேனா பி போட்டுத் தேடியிருக்கிறேன். திரும்பத் திரும்ப அதையே எழுதினார் என்றால், நான் திரும்பத் திரும்ப அதையே தப்பாகப் படித்தேன். இதில் புத்தி கலங்கியது யாருக்கு?

விரிசல் விட்ட போனை எடுத்து, பஸ் பி போட்டு அடித்தேன். ஒரு கிழவர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும், நரைத்த தலை, தோளில் கிடார். தானே எழுதித் தானே பாடுகிற ராக் பாடகர், ஐம்பது வருஷமாகப் பாடுகிறவர் என்று போட்டிருந்தது. அங்கேயே கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாவின் கார்டைத் திருத்தி அனுப்பிவிட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். பல்லாவரம் வரை ஆட்டோ, அப்புறம் பஸ். இவரும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதே வழியெல்லாம் நினைப்பு. அதைவிட மோசமான நினைப்பு ஒன்றும் வந்தது: இவரேதான், ஆனாலும் அவர் போனைத் தூக்கி அடித்தால்?

வீட்டில், நான் வேலைக்குப் போகிற நேரத்துக்குத் துணையாக வந்த அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் முதல் பாட்டைப் போட்டேன். கிடார், அப்புறம் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஒரு குரல். என் கணவர் அப்படியே அடங்கினார். கண்ணை மூடினார். ஒரு கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாட்டு போட்டா மாடுகூட அடங்கும்மா. இதுல இன்னா கீது?" என்றார் அண்ணன்.

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமலும் அழுவார்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

என் கணவர் இடது கை விரலை ஆட்டினார். அடுத்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்ததைப் போட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டு மறுபடியும் விரல். இப்படி ஏழு பாட்டு. எட்டாவது தொடங்கியதும் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். அது ஓடியது. முடிகிற சமயத்தில் பாட்டு, தாளம், எல்லாம் சட்டென்று நின்றுபோயிற்று. முடிந்துவிட்டது என்று போனுக்குக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார். அவர் கை மேலே போய் அப்படியே நின்றது. ஃபேன் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது. கை இறங்கிக் கட்டில் சட்டத்தில் அடித்தது. அதே நொடியில் போனில் டிரம்ஸ் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

தற்செயலாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். கை அதே இடத்தில் நின்றது, அதே இடத்தில் இறங்கியது. மூன்றாவது முறை அண்ணன் போனைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார், நான் ஏதோ சைகை காட்டுகிறேன் என்று சந்தேகம்போல. என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னார். போய் நின்றேன். கட்டில் சட்டத்தில் அடி விழுந்த சத்தமும் டிரம்ஸும் ஒன்றாகக் கேட்டன. அப்புறம் அண்ணனின் குரல்.

"டேய், உள்ளதான் கீறியாடா நீ?"

நான் வெளியே வந்தபோது தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டாக்டரும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். மாத்திரைச் சீட்டு எழுதவில்லை, பேச்சுப் பயிற்சிக்கு எழுதினார். ஹோம் பேச்சை அண்ணன் அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

அந்த வாரம் முழுக்க அந்தக் கிழவர் எங்கள் வீட்டில் பாடினார். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் கத்தவேண்டிய இடத்தில் கத்தாமல் அடக்கிக்கொள்கிற அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. வாசல் வரை வந்தவன் அன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறான். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே கோபம். பயம் போனபிறகுதான் இதற்கெல்லாம் இடம் வந்தது.

"பதினாலு வருஷமா இதையெல்லாம் உங்க காதுலயே வெச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வயர்ல ஒண்ணை எடுத்து என் காதுல மாட்டக் கூடாதா? எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

தாளைக் கேட்டு வாங்கினார். மெதுவாக எழுதினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

'நீ கேக்கல.'

இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, கட்டிலில் அவருடைய வலது பக்கம், அந்தச் செத்த கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சரி. இப்ப கேக்கறேன்" என்றேன்.